வெட்டினால் தீருமா வேலிகாத்தான்?

கென்யாவின் பரிங்கோ பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தபோது, நைரோபி நீதிமன்றத்துக்குச் சான்றாக ஒரு வெள்ளாட்டையே கொண்டுபோனார்கள். அதன் வாயில் பல் இல்லை. 1980களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் என்று சொல்லி அங்கே நடப்பட்ட ஒரு முள்மரத்தின் இனிப்பான காய்களைத் தின்று தின்றே ஆடுகளின் பல் சொத்தையாகி விழுகிறது என்பது அவர்களுடைய வாதம். அந்த மரத்தின் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம். திருவண்ணாமலைப் பக்கம் வேலிகாத்தான் என்பார்கள். அவசரத்துக்கு வெறும் ‘முள்ளு’.

அண்ணாமலையார் கோயில் கோபுரங்களைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் இந்த மரம் படுவதில்லை. ஊரைவிட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் படும். செங்கம், போளூர், வந்தவாசி என எத்திசையில் போனாலும், ஏரி என்று பலகை வைத்த இடத்தில் தண்ணீர் தெரியும் முன்பு முள்காடுதான் தெரிகிறது. மதகைத் தேட வேண்டியிருக்கிறது. வரத்துக்கால்வாய் இருந்த தடத்தை ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டித்தான் சொல்ல முடிகிறது. இந்த மாவட்டம் ஆற்றை நம்பிப் பிழைத்த மாவட்டம் அல்ல. சாத்தனூர் அணையின் பாசனம் எட்டுகிற பகுதியை விட்டால், மற்ற இடங்களில் மழையை ஏரியில் பிடித்துவைத்துத்தான் நெல் விளைந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஏரிக்குள் மரம் வளர்ந்து நிற்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலை மட்டும் அல்ல, சோற்றுக் கணக்கும்கூட.

மரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நம் நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிறத்தில் குட்டிப் பந்துபோல உருண்டையாக இருக்கும்; காய் மணி கோத்ததுபோல ஒவ்வொரு விதைக்கும் இடையில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். காய் தட்டையாக, லேசாக வளைந்து, பழுத்தால் வைக்கோல் நிறத்துக்கு மாறும். கடித்தால் இனிக்கும். இந்த இனிப்புதான் அதன் பரவலுக்கு மூலதனம். ஆடும் மாடும் தேடித் தின்கின்றன. சதை செரிக்கிறது, கடினமான உறையோடு இருக்கும் விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வருகிறது. செரிமானத்தில் உறை இளகிவிடுவதால் முளைப்பதும் சுலபம். எரு இலவசம், போக்குவரத்து இலவசம். மேய்ச்சல் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் மரமும் போகிறது.

ஹெலிகாப்டரில் இருந்து விதை தூவினார்கள், காமராஜர் ஆட்சியில்தான் இது வந்தது என்று ஒரு கதை ஊர்தோறும் உலவுகிறது. 1950, 60களில் விறகுத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாகவும் வேலிக்காகவும் இதை அரசு ஊக்குவித்தது உண்மை. ஆனால், மரம் அதற்கும் வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம், வறண்ட பகுதிகளில் நடுவதற்கு இதன் விதைகளை வரவழைத்துத் தருமாறு 1876இல் வருவாய்த் துறைக்கு எழுதினார். மறு ஆண்டே கடப்பையில் நடவு தொடங்கியது. பெடோம் சாதாரண அதிகாரி அல்ல. தென்னிந்தியத் தாவரங்களையும் பாம்புகளையும் பற்றி அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. தாவரம் தெரியாதவர் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களில் இந்த மரத்தோடு சேர்ந்து பரிணமித்த பூச்சிகளும் நோய்களும் அங்கேயே தங்கிவிட, மரம் மட்டும் கப்பலேறி வந்தது. தாய்நிலத்தில் அதன் விதையைத் துளைத்த வண்டுகளின் தொல்லை இங்கே அதற்கு இல்லை.

அயலிலிருந்து வந்ததெல்லாம் ஆபத்து என்று பேசுபவர்களுக்குத் திருவண்ணாமலையிலேயே பதில் இருக்கிறது. மாநிலத்தில் நிலக்கடலை அதிகம் விளையும் மாவட்டங்களுள் ஒன்று இது. இங்கே ‘மல்லாட்டை’ என்று உரிமையோடு அழைக்கப்படும் அந்தப் பயிர் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகாயும் மரவள்ளியும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டங்களின் சரக்குதான். சாலையோரம் நிழல் தரும் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். இவையெல்லாம் விதைத்த இடத்தில் நிற்கின்றன. விதைக்காத இடத்தில் புகுந்து, இருந்ததை விரட்டி, பரவிக்கொண்டே போவதில்லை. ஊடுருவும் இனம் என்று அறிவியலாளர்கள் சொல்வது அப்படிப் போகிறவற்றைத்தான். பல்லுயிர்ப் பெருக்கத்துக்கான பன்னாட்டு அரசுகளின் அமைப்பான ஐபிபிஇஎஸ் 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர்களால் இடம்பெயர்ந்த உயிரினங்கள் உலகில் 37,000 என்றும், அவற்றில் கேடு விளைவிப்பவை 3,500க்கும் மேல் என்றும் கணக்கிட்டது. பத்தில் ஒன்றுதான். ஆனால், அந்த ஒன்று வைக்கும் செலவு 2019ஆம் ஆண்டில் மட்டும் 42,300 கோடி டாலருக்கு மேல். 1970 முதல் ஒவ்வொரு பத்தாண்டிலும் இது நான்கு மடங்காகிவருகிறது.

இந்தியாவின் பங்கு? 1960 முதல் 2020 வரை 12,730 கோடி டாலர் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதுவும் செலவு விவரம் பதிவாகியிருந்த சுமார் 10 இனங்களுக்கான தொகை. நாட்டில் உள்ள அயல் இனங்களோ 2,000க்கும் மேல். ஏரி முள்காடானதால் போகம் இழந்த ஒரு கிராமத்தின் கணக்கை யாரும் எழுதிவைத்ததில்லை.

பயிரைத் தாக்கும் பூச்சி என்றால் மட்டும் கணக்கு உடனே வந்துவிடுகிறது. 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று தாவியது. தமிழக விவசாயிகள் மருந்தடித்து ஓய்ந்தார்கள். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி அது. அதை அடக்கும் கடுகளவு குளவி ஒன்று 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாக வயல்களில் விடப்பட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. 2020இல் மரவள்ளிக்கென்றே தனியாக ஒரு மாவுப்பூச்சி கேரளம் வழியே வந்தபோதும் இதே வைத்தியம்தான். இம்முறை குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. 2018இல் கர்நாடகத்தில் கால்வைத்து, அதே ஆண்டில் தமிழகத்து மக்காச்சோளத்தைத் தின்ற படைப்புழுவுக்கு இப்படிச் சுலபமான முடிவு கிடைக்கவில்லை. அரசு நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது.

சீமைக் கருவேலத்துக்கும் ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டால் என்ன? தென் ஆப்பிரிக்கா 1980களிலேயே விதையைத் துளைக்கும் வண்டுகளை விட்டுப்பார்த்தது. மரத்தின் பரவல் நின்றுவிடவில்லை. நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு வன்னி. விருத்தாசலம் கோயிலின் தலமரம், ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் உயிர்நாடி. வந்த வண்டு வன்னியைத் தொடாது என்று உறுதிசெய்யாமல் யாரும் கூட்டைத் திறக்கத் துணிய மாட்டார்கள்.

தவிர, இந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் சூழலியல் கூட்டங்களில் முகம் சுளிப்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ராமநாதபுரம் மாவட்டத்தில் அடுப்பெரிய வைப்பது கரிமூட்டம். மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கும் கரிக்கு வெளிமாநிலம் வரை சந்தை இருக்கிறது. மரத்துண்டுகளை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் தென்மாவட்டங்களில் உண்டு. திருவண்ணாமலையில் கரிமூட்டம் பெரிதாக இல்லை. ஆனால் செங்கல் சூளைக்கும், கல்யாண மண்டபத்துச் சமையலுக்கும், பௌர்ணமி அன்னதான அடுப்புக்கும் போகும் விறகு பெரும்பாலும் இதுதான். எரிவாயு சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் பெண்களை ஏரிக்கரைகளில் பார்க்கலாம். அவர்களுக்கு இந்த முள் வில்லன் அல்ல. கையில் பட்டால் சீழ் பிடிக்கும், அவ்வளவுதான். குஜராத்தின் பன்னி புல்வெளியில் 1961இல் வனத் துறை இதைச் சுமார் 31,500 ஹெக்டேரில் நட்டது. இன்று புல்வெளியின் பாதிக்கு மேல் முள்காடு. எருமை மேய்த்த மால்தாரிகளில் பலர் கரி சுடுகிறார்கள். புல் போனதால் வந்த தொழில் அது. இப்போது மரமும் போனால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு வனத் துறையின் கோப்பில் பதில் கிடையாது.

இந்தச் சிக்கல் எதையும் பொருட்படுத்தாத ஒரு வேகத்தைத் தமிழகம் 2017இல் கண்டது. வைகோ தொடர்ந்த பொதுநல வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றக் கெடு விதித்து உத்தரவிட்டது. அடுத்த சில வாரங்கள் மாநிலமே அரிவாளைத் தூக்கியது. கட்சிகள், கல்லூரிகள், ரசிகர் மன்றங்கள் எல்லாம் வெட்டின. ஜாமீன் கேட்டு வந்தவர்களை ஆளுக்கு 100 மரம் வெட்டச் சொன்ன செய்தி அரியலூரிலிருந்து வந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜனைக் குடித்துவிடும், இதன் காற்றுப் பட்டால் மாட்டுக்குச் சினை பிடிக்காது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. எதற்கும் ஆதாரம் இல்லை. நிலத்தடி நீரை இழுக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இந்த மரங்கள் ஆண்டுக்கு 300 கோடி கனமீட்டருக்கு மேல் நீரைக் குடிக்கின்றன என்று அளந்திருக்கிறார்கள். உண்மையான குற்றச்சாட்டு இருக்கும்போது பொய்க் குற்றச்சாட்டு எதற்கு என்று தெரியவில்லை. அந்த ஆவேசத்தில் நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் சேர்ந்து விழுந்தன. பூவைப் பார்த்து வெட்ட யாருக்கும் நேரமில்லை. சில மாதங்களுக்குள் சென்னையில் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தலைமையிலான முதல் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. சூழல் பாதிப்பை ஆராயாமல் ஒட்டுமொத்தமாக வெட்டுவது சரியா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு அங்குமிங்கும் சென்று, கடைசியில் 2022 ஜூலையில் தமிழக அரசு ஊடுருவும் தாவரங்களுக்கும் சூழல் மீட்டமைப்புக்கும் ஒரு தனிக்கொள்கையை வெளியிட்டது. அதன் பெயரிலேயே ‘மீட்டமைப்பு’ இருப்பது நல்ல அறிகுறி.

2017இல் வெட்டிய இடங்கள் இப்போது எப்படி இருக்கின்றன? பராமரிப்பு இல்லாத ஏரிகளில் முன்பைவிட அடர்த்தி. ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள். காரணம் மர்மம் அல்ல. இந்த மரத்தின் உறங்கும் மொட்டுகள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரைக்கு மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒரு சாண் ஆழமாவது மண்ணைப் பறித்து, கழுத்துக்குக் கீழே வேரை அறுத்தால்தான் மரம் சாகும். அதற்குக் கடப்பாரை வேண்டும், அல்லது ஜேசிபி வேண்டும், எதுவானாலும் காசு வேண்டும். ஏரி மரத்தை ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது எடைமேடையில் ஏறும் விறகு. தரைக்கு மேலே உள்ளதை வெட்டினால் லாபம். தூரைத் தோண்டினால் கூலி அதற்கே போய்விடும். நாலு வருடம் கழித்து அதே ஏரி மறுபடி ஏலத்துக்கு வரும். ஊராட்சிக்கு வருமானம், ஒப்பந்ததாரருக்கு மரம். மரமும் பிழைத்துக்கொள்கிறது. ஏரி மட்டும் ஏரியாக இல்லை.

தூரோடு பெயர்த்தாலும் கதை முடிவதில்லை என்பதுதான் இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. மண்ணுக்குள் விதை காத்திருக்கிறது; ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். ஜேசிபி புரட்டிப்போட்ட வெற்று மண்ணும், மேலே முழு வெயிலும், தின்று உலவ ஆடும் இருந்தால் முதல் மழையிலேயே நாற்று கிளம்பும். இந்த மரத்துக்குப் பிடிக்காதவை இரண்டு: நிழல், நின்று நிலைக்கும் தண்ணீர். ஏரியில் தண்ணீர் மாதக்கணக்கில் நின்ற காலத்தில் வேலிகாத்தான் ஏரிக்குள் நுழையாமல் கரையோரமே நின்றது. மதகைத் திறந்து மூடவும் மடைபார்த்துப் பாய்ச்சவும் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். ஊர் கூடிக் கால்வாய் வெட்டியது. வண்டல் எடுத்து வயலில் போட்டார்கள். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் வசதியுள்ள விவசாயிக்கு ஏரி தேவைப்படவில்லை. நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதும் நின்றது. வரத்துக்கால்வாயில் வீடு வந்தது. வறண்ட ஏரி ஒரு காலி மனைதான், முள் குடியேறியது. ஆக, ஏரியை முள் கெடுத்தது என்பது பாதி உண்மை. கெட்டுப்போன ஏரியில்தான் முள் வந்தது. 2017இல் தொடங்கப்பட்ட குடிமராமத்துத் திட்டம் இதைப் புரிந்துகொண்டதுபோல் பெயரளவில் தோன்றியது. பல இடங்களில் அதுவும் ஒருமுறை தூர்வாரி, படம் எடுத்து, பலகை நட்டுவிட்டுப் போகும் வேலையாக முடிந்தது.

இதற்கு மாற்றுப் பாதை என்ன என்று கேட்பவர்கள் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். ரமண மகரிஷி காலத்துப் புகைப்படங்களில் அருணாசல மலை பெரும்பாலும் மொட்டைப் பாறை. விறகுக்கு வெட்டி, ஆடு மேய்த்து, ஆண்டுதோறும் தீ வைத்து மலை அப்படி ஆனது. 1980களின் இறுதியில் காடு வளர்க்கும் முயற்சி தொடங்கியது. வனத் துறையோடு உள்ளூர்க்காரர்களும், இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டினரும் சேர்ந்தார்கள். பின்னாளில் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அறக்கட்டளைகள் அதைத் தொடர்ந்தன. முதல் ஆண்டுகளில் நட்டவற்றில் பெரும்பகுதியைத் தீ தின்றது. எலுமிச்சை மணம் வீசும் ஆளுயரப் புல் மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும். ஒரு பீடித்துண்டு போதும். நடுவதைவிடக் காப்பதுதான் வேலை என்பதைக் காடு வளர்த்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தீ. அதனால் தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள். ஒவ்வோர் ஆண்டும் புல் முளைத்து மூடிவிடும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் வெட்டுகிறார்கள். கோடையில் தீ பார்க்க ஆள் வைத்தார்கள், இரவில் மலையேறித் தழையால் அடித்து அணைக்கும் இளைஞர்கள் உருவானார்கள். வேகமாக வளரும் அயல் மரங்களை நாடாமல், சுற்றுவட்டாரக் காடுகளில் விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டு, ஐப்பசி மழைக்கு முன் மேலே சுமந்து சென்றார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மலையின் சில சரிவுகளில் இன்று மரங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிழல் விழுகிறது. அந்த நிழலில் உன்னிச்செடி என்ற அயல் புதரும் தழைக்காது, வேலிகாத்தானும் தழைக்காது.

உன்னிச்செடி அழகுக்காக வந்தது. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வைத்த செடி, இன்று நாட்டின் புலிகள் காப்பகங்களில் பெரும்பரப்பை மூடிக் கிடக்கிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது தீக்கு எண்ணெய் வார்த்தவற்றில் அதன் காய்ந்த புதர்களும் உண்டு. கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் அதன் தண்டுகளை வளைத்து ஆளுயர யானைகள் செய்ய, அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் பின்னர் அமெரிக்காவிலும் நின்றன. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவிய மஞ்சக்கொன்றையை வெட்டிக் கூழாக்கத் தமிழ்நாடு காகித நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இவையெல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் ஓர் எச்சரிக்கை: எந்தச் செடிக்கு நிரந்தர வாடிக்கையாளர் உருவாகிறாரோ, அந்தச் செடி தீர்ந்துபோவதை விரும்பாதவரும் உருவாகிறார். ஆலைக்கு மரம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், வெட்டிய இடத்தில் காடு எழுந்ததா என்று யார் அளப்பது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திருவண்ணாமலை ஏரிகளுக்கும் அதே கேள்விதான். இன்றைய நடைமுறையில் ஏலம் மரத்துக்கு நடக்கிறது. அதை ஏரிக்கு நடக்கும்படி மாற்றலாம்: தூரோடு எடுக்க வேண்டும், மூன்று மழைக்காலம் நாற்றுப் பிடுங்க வேண்டும், அதுவரை வைப்புத்தொகையில் ஒரு பங்கு ஊராட்சியிடம் இருக்க வேண்டும். விறகை நம்பியுள்ளவர்களுக்கு அந்த நாற்றுப் பிடுங்கும் கூலி முதலில் போக வேண்டும். முள்ளோடு பழகிய கை அவர்களுடையதுதான். ஒரே மூச்சில் மாவட்டம் முழுவதும் முள்ளை அழிக்கும் இலக்கு வேண்டாம். வரத்துக்கால்வாய் உயிரோடு இருக்கிற ஏரிகளில் தொடங்கட்டும். தண்ணீர் வந்து நின்றால் பாதிக் காவலை அதுவே பார்த்துக்கொள்ளும். கால்வாய் செத்த ஏரிகளில் மரத்தை எடுப்பதற்கு முன் கால்வாயை மீட்க வேண்டும், அங்கே ஆக்கிரமிப்பு என்ற வேறு முள் இருக்கிறது, அதை அகற்ற அரசு எளிதில் கைவைப்பதில்லை. பறவைகள் கூடுகட்டும் ஏரிகளில் நாட்டு மரங்கள் வளர்ந்து நிற்கும்வரை இருக்கிற முள்மரங்களை விட்டுவைப்பதில் தவறில்லை. ராமநாதபுரத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நாரைகளுக்கு இந்த மரமும் ஒரு வீடு.

நாற்றுப் பிடுங்கவும் பருவம் பார்க்க வேண்டும். கார்த்திகைத் தீபம் முடிந்து, வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண் இன்னும் இளகியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் ஒரு சாண் செடி கையோடு வந்துவிடும். சித்திரைக்கு விட்டால் கடப்பாரை வேண்டும். அடுத்த ஆண்டுக்கு விட்டால் ஜேசிபிக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியிருக்கும். மாவட்ட நிர்வாகம் ஏரிகளுக்கு நிதி ஒதுக்கும் கோப்பில் இந்த இரண்டு மாதக் கூலிக்கென ஒரு வரி இப்போது கிடையாது.